பதிவேட்டில் இல்லாத குழாய்

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சிறுநீர்க் குழாயைப் போட நாலு நிமிடம் போதும். அதை எடுக்க ஏழு கையெழுத்து வேண்டும். நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பெண்கள் வார்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஏழு பேரின் பதவிகளையும் வரிசையாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். மேலே பச்சை எழுத்தில் தலைப்பு: 'குழாய் விரைவு அகற்றல் திட்டம்'.

திட்டம் வருவதற்கு முன்னால் அங்கே குழாய்களை எடுத்துக்கொண்டிருந்தவர் வார்டு சிஸ்டர். ஒரு சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, "மூச்சை இழுத்து விடுங்கம்மா" என்று ஒரு வார்த்தை. இழுத்த மூச்சை நோயாளி விடுவதற்குள் குழாய் தட்டில் கிடக்கும். இப்படி யாருக்கும் தெரியாமல், எந்தக் கணக்கிலும் வராமல் குழாய்கள் தம் பாட்டுக்கு வெளியேறிக்கொண்டிருந்தது நிர்வாகத்தை உறுத்தியது. ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஆபரேஷன் முடிந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழாயை எடுத்துவிட்டால் நோயாளிக்கு நல்லது என்று தெரியவந்தது. சிஸ்டர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆகவே அவர் இனி அதைச் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டு, அதற்கென்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் திட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டவர் தையல்காரம்மா.

தையல்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர். மூன்று பிள்ளைகளைப் பெற்ற கர்ப்பப்பை, கடமை முடிந்தது என்று நினைத்ததோ என்னவோ, தன் இடத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. ஒன்பது வருஷம் அவர் அதை ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. கழிவறைக்குப் போனால் இறங்கியதைக் கையால் மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சிறுநீர் வரும். பிடித்தாலும் பாதிதான் வரும், மீதி வாசலைத் தாண்டுவதற்குள் வரும். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பஸ் ஏறுவதை நிறுத்தினார். கூடப் பிறந்த தங்கை வீட்டில்கூடத் தங்குவதில்லை. "எனக்குப் பயணம் ஒத்துக்காது" என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் கண்டுபிடித்தது நாத்தனார். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், எதையும் இரண்டு தடவை பார்க்கும் பழக்கம் உள்ளவர். "என்ன அண்ணி, உள்ள போனா அரை மணி நேரம் ஆகுது?" என்று கேட்டு, கேட்டு, கடைசியில் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன். இறங்கியதைத் தூக்கி நிறுத்தித் தைத்தார்கள். சாயங்காலம் பெரிய டாக்டரம்மா வந்தார். கையில் பெட்டி, தோளில் பை, விமானத்தைப் பிடிக்கிற அவசரம்.

"தையல் பிரமாதமா அமைஞ்சிருக்கு. உங்க தொழில்காரங்களே குறை சொல்ல முடியாது," என்றார். "நாளைக்குக் காலைல யூரின் டியூபை எடுத்துடுவாங்க. ஒரு நாள் போதும். அதுக்கு மேல வெச்சா கிருமிக்கு நாமே ஏணி போட்டுக் கொடுத்த மாதிரி."

"எடுத்ததுக்கப்புறம், டாக்டர்?"

"நீங்களா போகணும். முக்கால்வாசிப் பேருக்குப் போயிடும். போகலைன்னா மறுபடியும் டியூப் போட்டு ரெண்டு நாள் பாப்போம். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொன்னால் யாருக்குத்தான் பயம் போயிருக்கிறது? தையல்காரம்மா மனசுக்குள் அந்தக் கால்வாசிப் பேர் வரிசையில் போய் நின்றுகொண்டார். மனிதர்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு ஆறு தடவை யோசிக்காமல் செய்கிற ஒரு காரியம். அதைத் தானும் யோசிக்காமல் செய்ய வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு நடுவில் இந்தக் குழாய் ஒன்று இருந்தது.

டாக்டரம்மா விமானம் ஏறினார். நாலு நாள் மாநாடு. குழாயைத் தேவைக்கு மேல் விட்டுவைக்கும் கொடுமையைப் பற்றி அவர் நாற்பது நிமிடம் பேசவேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே தையல்காரம்மா முகம் துடைத்து, தலை வாரி, தலையணையில் சாய்ந்து தயாராக இருந்தார். எட்டு மணிக்கு சிஸ்டர் வந்தார். கையில் சிரிஞ்சு இல்லை, பச்சைப் படிவம் இருந்தது.

"முதல் கட்டம், போட்ட நேரம்," என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். ஆபரேஷன் தியேட்டர் தாளில் அந்த இடத்தில் 'பின்னர்' என்று எழுதியிருந்தது.

"பின்னர்னு ஒரு மணி இருக்கா, சிஸ்டர்?" என்றார் நாத்தனார்.

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "தியேட்டர்ல ரெண்டு கடிகாரம் இருக்கும்மா. ஒண்ணு கிழக்குச் சுவர்ல, ஒண்ணு மேற்குச் சுவர்ல. ரெண்டுக்கும் ஏழு நிமிஷம் வித்தியாசம். முன்னெல்லாம் எதையாவது ஒண்ணைப் பாத்து எழுதிடுவோம். இந்தத் திட்டம் வந்ததுல இருந்து நிமிஷம் தப்பா இருந்தா விளக்கம் கேட்டு மெமோ வருது. அதனால தியேட்டர்ல நேரம் எழுதறதையே நிறுத்திட்டாங்க. கடிகாரத்தைச் சரிபார்க்கற பிரிவு எது சரின்னு சொன்னதும் எழுதுவாங்களாம்."

"அவங்க எப்ப வருவாங்க?"

"போன மாசமே வந்தாங்க. ரெண்டுல ஒரு கடிகாரம் தப்புன்னு உறுதியா சொல்லிட்டாங்க. எதுன்னுதான் இன்னும் சொல்லலை."

நாத்தனார் எழுந்து நின்றார். "நான் சொல்றேன், எழுதிக்கங்க. பத்தேகாலுக்கு உள்ள கொண்டுபோனாங்க. பன்னெண்டரைக்கு வெளிய கொண்டுவந்தாங்க. நடுவுல எப்ப வேணாலும் போட்டிருக்கட்டும். இன்னைக்குப் பன்னெண்டரைக்கு எடுத்தா ஒரு நாள் ஆச்சு, தீர்ந்துபோச்சு."

"வெளிய உக்காந்திருந்தவங்க சாட்சி செல்லாதும்மா. உள்ள இருந்தவங்கதான் சொல்லணும்."

"அண்ணி உள்ளதானே இருந்தாங்க?"

"அவங்களுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்துச்சே."

சிஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னை விட்டா இந்த நிமிஷமே எடுத்துடுவேன். போன வாரம் ஏழாவது கையெழுத்து வர்றதுக்கு மூணு நிமிஷம் முன்னால ஒருத்தருக்கு எடுத்துட்டேன்னு நாலு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கேன். நான் ரிடையர் ஆக இன்னும் ஆறு மாசம் இருக்கு." அதற்கு மேல் அவரைத் தொந்தரவு செய்ய தையல்காரம்மாவுக்கு மனசு வரவில்லை. குழாயோடு படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை குழாய்க் குழு கூடியது. கூட்டம் நடக்கும் அறையில் 'நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி' என்று மூன்று நாள் பயிற்சி நடந்துகொண்டிருந்ததால், குழு தையல்காரம்மாவின் கட்டிலைச் சுற்றியே நாற்காலி போட்டுக்கொண்டது. தலைவர் காது மூக்கு தொண்டை டாக்டர். பெண்கள் நோய் டாக்டர்களைத் தலைவராகப் போட்டால் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும், நடுநிலை கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. மற்ற மூவரில் இரண்டு பேர் டாக்டர்கள். ஒருவரை அஞ்சு நாள் டாக்டர் என்றும் இன்னொருவரை ரெண்டு நாள் டாக்டர் என்றும் வார்டில் சொல்வார்கள். நாலாவது ஆள் புள்ளிவிவர அதிகாரி.

அஞ்சு நாள் டாக்டர் தொண்டையைச் செருமினார். தலைவர் பழக்கதோஷத்தில் அந்தத் தொண்டையைக் கூர்ந்து கவனித்தார்.

"எங்க ஆசிரியர் குழாயை ஏழு நாள் வெச்சிருந்தார். நான் அஞ்சு நாள் வெக்கறேன். ஒரே தலைமுறைல ரெண்டு நாளைக் குறைச்சிருக்கோம். இதை விரைவு இல்லைன்னு சொன்னா, பிறகு எதை விரைவுன்னு சொல்றது?"

"அஞ்சு நாள் வெச்சா என்னங்க நல்லது?" என்று தையல்காரம்மா கேட்டார்.

கட்டில் வாய் திறந்து பேசியதுபோல எல்லோரும் திடுக்கிட்டார்கள். 'நோயாளி குறுக்கிட்டார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது.

"நல்லதுன்னு சொல்ல முடியாதும்மா," என்றார் அஞ்சு நாள் டாக்டர், யோசித்து. "பழக்கம்."

ரெண்டு நாள் டாக்டர் புன்னகை மாறாதவர். "ஆராய்ச்சி ஒரு நாள்னு சொல்லுது. அனுபவம் அஞ்சு நாள்னு சொல்லுது. நான் ரெண்டையும் மதிக்கறவன். கூட்டி ரெண்டால வகுத்தா மூணு வருது. மூணாம் நாள் எனக்கு லீவு. அதனால ரெண்டு."

"அப்ப இன்னையோட ரெண்டு நாள் ஆச்சே டாக்டர், எடுத்துடுங்களேன்," என்றார் நாத்தனார், வாசல் பக்கத்திலிருந்து.

"எடுக்கலாமே! எனக்கு ஆட்சேபணையே இல்லை."

"எனக்கு இருக்கு," என்றார் புள்ளிவிவர அதிகாரி. அதுவரை தலையைத் தூக்காமல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர். "இந்தம்மாவுக்குக் குழாயே இல்லையே."

எல்லோரும் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையைப் பார்த்தார்கள். அதில் முக்கால் பைக்குச் சிறுநீர் இருந்தது.

"அது சிறுநீர்ப் பதிவேடு. அது வேற," என்றார் அதிகாரி. "அதுல எல்லாம் ஒழுங்கா இருக்கு. நேத்து ஆயிரத்து எழுநூறு மில்லி வந்திருக்கு. ஆனா குழாய்ப் பதிவேட்டுல போட்ட நேரம் இல்லாததால இவங்க பேரே ஏறலை. ஏறாத குழாயை எடுத்தா என் கணக்குல மைனஸ் ஒண்ணுன்னு விழும். போன வருஷம் பிரசவ வார்டுல இப்படித்தான், பிறந்ததைப் பதியாம ஒரு குழந்தையை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. மூணு மாசம் மைனஸ் ஒரு குழந்தையை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

தையல்காரம்மா போர்வையின் ஓரத்தை விலக்கி, தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்த குழாயைக் காட்டினார். "இதோ இருக்கே சார்."

தலைவர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதைப் பாத்துக் கருத்து சொல்ல எனக்குத் தகுதி இல்லைம்மா. நான் கழுத்துக்கு மேல."

கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. கடிகாரப் பிரிவுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது, பெரிய டாக்டரம்மாவிடம் கேட்பது என்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. டாக்டரம்மாவுக்கு அங்கேயே செய்தி அனுப்பினார்கள். அடுத்த நொடியே பதில் வந்தது. 'குழாய்களை உடனுக்குடன் அகற்றுவதன் அவசியம் குறித்த மாநாட்டில் இருக்கிறேன். திரும்பி வந்ததும் உங்கள் செய்திக்குப் பதிலளிக்கிறேன்.' இந்தப் பதில் எல்லோருக்கும் தானாகப் போகும்படி அவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் எரிச்சல் ஆரம்பித்தது. பத்து மணிக்கு உடம்பு நடுங்கியது. வாய்க்குள் வைத்த வெப்பமானியை எடுத்துப் பார்த்த சிஸ்டர் முகம் சுருங்கிப்போயிற்று. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, பையைத் தூக்கிப் பார்த்து, கலங்கலாக இருக்கிறது என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிறுநீரைப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

"டியூபாலதானே டாக்டர் ஜுரம்?" என்று நாத்தனார் கேட்டார்.

"டியூபாலதான். வேற எதால?" என்றவர் ஃபைலைப் பார்த்துத் தயங்கினார். "ஆனா டியூப் இல்லாத ஆளுக்கு டியூபால ஜுரம்னு எழுத முடியாதே." கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதினார். எழுதிவிட்டு நல்ல மனிதராக ஒரு கூடுதல் போர்வையும் கொண்டுவரச் சொன்னார்.

தையல்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். வலிக்காக அல்ல. ஒன்பது வருஷம் ஒளித்து வைத்ததை ஒருவழியாக வெளியே சொல்லி, கத்திக்குக் கீழே படுத்து எழுந்தும், கடைசியில் ஒரு கடிகாரத்துக்காகத் தன் உடம்பு காத்துக்கிடக்கிறதே என்று இருந்தது. "ஜுரம் கூடிச்சுன்னா தையல் தாங்குமாடி?" என்று நாத்தனாரைக் கேட்டார். நாத்தனார் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நேரே சூப்பிரண்ட் அறைக்குப் போனார்.

உள்ளே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து அறை டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்திவிட்டார் என்று மட்டும் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் சூப்பிரண்ட் நாத்தனாருக்குப் பின்னாலேயே வார்டுக்கு வந்தார். முகத்தில் திட்டு வாங்கிய வாட்டம் இல்லை, மாப்பிள்ளைக் களை இருந்தது.

"அம்மா, உங்க கஷ்டம் முடிஞ்சுபோச்சு," என்று ஆரம்பித்தார். "நாளைக்குப் பத்து மணிக்குத் தரச்சான்று கொடுக்கற குழு வெளியில இருந்து வருது. அவங்க கண் முன்னால ஒரு குழாயை விரைவா அகற்றிக் காட்டணும். வார்டு முழுக்கத் தேடினோம். குழாயோட இருக்கறவங்க நீங்க ஒருத்தர்தான். ஆனா பதிவேட்டுல இல்லாததால நீங்களும் இல்லை. அதனால ஒரு துணிச்சலான முடிவு எடுத்திருக்கேன். காலைல எட்டு மணிக்கு இந்தக் குழாயை எடுத்துடுவோம்."

தையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க நல்லா இருக்கணும் சார்."

"ஒன்பது மணிக்குப் புதுசா ஒண்ணு போடுவோம்."

தையல்காரம்மா அவரையே பார்த்தார்.

"என் கைக்கடிகாரத்தைப் பாத்து நானே நேரத்தை எழுதுவேன். பத்து மணிக்கு அவங்க முன்னாலயே எடுப்போம். அறுபதே நிமிஷம்! இவ்வளவு குறைஞ்ச நேரம் ஒரு குழாய் இருந்ததா எந்த ஆஸ்பத்திரியும் சொல்லிக்க முடியாது. உங்க நலனுக்காகத்தான் இவ்வளவும்."

"எடுக்கறதுக்காகப் போடறீங்களா சார்?"

"இல்லம்மா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. போடறதுக்காக எடுக்கறோம்."

"தப்பாத் தைச்சதைப் பிரிச்சுத் தைக்கறது எனக்குத் தெரியும்," என்றார் தையல்காரம்மா மெதுவாக. "பிரிச்சுக் காட்டறதுக்காகத் தைக்கறதை இப்பதான் கேள்விப்படறேன். சரி சார். எதுக்காக எடுத்தாலும் சரி. எடுங்க."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. சிஸ்டர் திரைச்சீலையை இழுத்து மூடினார். தட்டில் பெரிய சிரிஞ்சு ஒன்றும் உப்புத் தண்ணீர்ப் புட்டி ஒன்றும் இருந்தன. ஜுரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எட்டு மணிக்கு எடுக்கச் சொன்னாங்க," என்றார் சிஸ்டர். "எப்படி எடுக்கணும்னு சொல்லலை. நான் டியூப் வழியா முந்நூறு மில்லி தண்ணியை உள்ள ஏத்திட்டு எடுக்கறேன். உடனே முட்டிக்கிட்டு வரும். எந்திரிச்சுப் போய் நீங்களா ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க. ஒன்பது மணிக்குள்ள போயிடுச்சுன்னா, தானா யூரின் போற ஆளுக்கு டியூப் போட இந்த ஆஸ்பத்திரில எந்தப் படிவமும் கிடையாது. ரெண்டு நாளா நான் தேடிப் பாத்துட்டேன்."

"போகலைன்னா?"

"போகலைன்னா அவங்க கொண்டாந்து போட்டுடுவாங்க," என்றார் சிஸ்டர். பொய் சொல்லத் தெரியாதவர். "மூச்சை இழுத்து விடுங்கம்மா."

இழுத்த மூச்சை விடுவதற்குள் குழாய் தட்டில் கிடந்தது.

நாத்தனார் ஒரு பக்கமும் சிஸ்டர் ஒரு பக்கமும் பிடித்து நடத்திப்போய்க் கழிவறைக்குள் விட்டு, அளவு பார்க்கும் ஜாடியைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். தையல்காரம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தாழ்ப்பாள் சத்தம் அவர் காதில் நல்ல சத்தமாக விழுந்தது. பிறகு உட்கார்ந்தார். பழக்கத்தில் கை தானாகக் கீழே போயிற்று, இறங்கியதைத் தள்ளிப் பிடிக்க. அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

ஆனால் சிறுநீர் வரவில்லை.

அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. வா என்றால் வரமாட்டேன் என்றது. அந்தச் சமயம் பார்த்து வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. சூப்பிரண்ட் ஒத்திகை பார்க்கவேண்டும் என்று குழாய்க் குழுவை எட்டேகாலுக்கே கூட்டிவந்துவிட்டார். புதுக் குழாய் தட்டில் தயாராக இருந்தது. நோயாளியைக் காணோம் என்றதும் எல்லோரும் கழிவறை வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"வராது," என்றது அஞ்சு நாள் டாக்டரின் குரல். "நாலு நாள்ல எடுத்தா எப்படி வரும்? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வந்திருக்கும்."

"ரெண்டாம் நாளே எடுத்திருந்தாலும் வந்திருக்கும்," என்றது ரெண்டு நாள் டாக்டரின் குரல்.

"யோவ், கொஞ்ச நேரம் சும்மா இருங்கய்யா! அண்ணிக்கு வந்தா வரட்டும்," என்றது நாத்தனாரின் குரல்.

உள்ளே தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு வயிறும் அந்தப் பக்கம் ஒரு நிர்வாகமும் காத்திருந்தன. எட்டரை ஆயிற்று. கால் மரத்தது. கால்வாசிப் பேர் வரிசையில் தனக்கு முன்னால் யாருமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

வெளியே சூப்பிரண்டுக்குப் பொறுமை போயிற்று. "வீணா நிக்கறதுக்கு, என் வரவேற்புரையை ஒரு தடவை சொல்லிப் பாத்துடறேன். கவனிங்க," என்றார். கதவுக்கு நேராக நின்று, குரலை உயர்த்தினார்.

"பெருமதிப்புக்குரிய தரச்சான்றுக் குழுவினரே! இந்த ஆஸ்பத்திரியில் எதுவும் தேங்குவதில்லை. கோப்புகள் தேங்குவதில்லை. முடிவுகள் தேங்குவதில்லை. நோயாளியின் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இங்கே தேங்குவதில்லை! எங்களுக்கு நோயாளி ஓர் எண் அல்ல." இங்கே கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில், "அந்தம்மா நம்பர் என்ன?" என்றார்.

"பதினேழு," என்றார் புள்ளிவிவர அதிகாரி.

"ஓர் எண் அல்ல! பதினேழாம் எண் நோயாளியையே எடுத்துக்கொள்ளுங்கள்..."

உள்ளே தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார். தையல் போட்ட இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. ஜுரத்திலும் பயத்திலும் நாலு நாளாக இறுகிக்கிடந்த உடம்பு முழுவதும் குலுங்கியது. எங்கே பிடித்து வைத்திருந்தாரோ அந்தப் பிடி விட்டது. சிறுநீர் வந்தது. ஜாடியில் விழுந்து, சத்தமாக, தாராளமாக வந்தது. வரவேற்புரை அந்தச் சத்தத்தில் பாதியில் நின்றது.

அவர் வெளியே வந்து ஜாடியை நீட்டியபோது சிஸ்டர் வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூறு மில்லி. சிஸ்டர் தையல்காரம்மாவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். சூப்பிரண்ட் மட்டும் இடிந்துபோய் நின்றார்.

"யாரைக் கேட்டுப் போனீங்க?" என்றார்.

"யாரையும் கேக்கலைங்க," என்றார் தையல்காரம்மா. "வந்துச்சு, போனேன்."

பத்து மணிக்கு வரவேண்டிய தரச்சான்றுக் குழு முன்னதாகவே வந்து படியேறிக்கொண்டிருந்தது. எடுத்துக் காட்டக் குழாய் இல்லை, போடவும் படிவம் இல்லை. சூப்பிரண்ட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அப்போது புள்ளிவிவர அதிகாரி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக மகிழ்ச்சி தெரிந்தது.

"சார், எல்லாம் சரியாயிடுச்சு. போட்டதாப் பதிவு இல்லை. எடுத்ததாவும் பதிவு இல்லை. கழிச்சா சுத்தமா வருது. குழாய் இருந்த நேரம் பூஜ்யம் நிமிஷம்."

பூஜ்யம் நிமிடத்தைக் கேட்டுத் தரச்சான்றுக் குழு அசந்துபோயிற்று. இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு குழாயே இல்லாமல் ஒரு நோயாளியைக் குணப்படுத்தியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? குழுவின் மூத்தவர் தையல்காரம்மாவின் கையைப் பிடித்து, "உங்களுக்குக் குழாயே போடலையாமே, ரொம்ப சந்தோஷம்மா," என்றார்.

"நாலு நாள் இருந்துச்சுங்க."

மூத்தவர் பரிவோடு தலையாட்டினார். தன் குறிப்பேட்டில், 'நோயாளிக்கு மயக்க மருந்தின் தாக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை' என்று எழுதிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்துவிட்டது. சூப்பிரண்டும் இரண்டு குழுவினரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சிஸ்டர் படத்தில் இல்லை, அவருக்கு அந்த நேரத்தில் வேலை இருந்தது. மாத்திரையும் தண்ணீரும் தம் வேலையைச் செய்ய, மத்தியானத்துக்கெல்லாம் காரணம் தெரியாத அந்தக் காய்ச்சலும் இறங்கிவிட்டது.

சாயங்காலம் பெரிய டாக்டரம்மா விமான நிலையத்திலிருந்து நேரே வார்டுக்கு வந்தார். கழுத்தில் மாநாட்டு அட்டை இன்னும் தொங்கியது. பதினேழாம் எண் ஃபைலை எடுத்து நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"என்ன சிஸ்டர் இது? இவங்களுக்குக் குழாயே போடலையா?"

"நீங்கதானே டாக்டர் போட்டீங்க."

"எனக்கும் போட்ட மாதிரிதான் ஞாபகம்," என்றார் டாக்டரம்மா, நெற்றியைத் தடவிக்கொண்டு. "ஆனா பதிவேடு இல்லைன்னு சொல்லுதே. அதை எப்படித் தப்புன்னு சொல்றது? இது ரொம்ப ஆபத்து சிஸ்டர். ஒரு நாளுக்கு மேல கூடாதுதான். ஆனா ஒரு நாளாவது கண்டிப்பா இருக்கணும். நாலு நாளா இதைத்தானே தொண்டை வறளப் பேசிட்டு வரேன். இப்பவே ஒண்ணு போட்டுடலாம். நேரத்தைச் சரியா எழுதுங்க. பேஷன்ட் எங்க?"

கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்துக் கிடந்தது.

"பாத்ரூம்ல இருக்காங்க டாக்டர்," என்றார் சிஸ்டர். "மத்தியானத்துல இருந்து இது ஒன்பதாவது தடவை."

"ஒன்பது தடவையா? ஏன், எரிச்சல் இருக்கா? அடக்க முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை. போகணும்னு கட்டாயம்கூட இல்லை. சும்மா போறாங்க."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. புதுக் குழாய் இருந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோய்க் கழிவறைக் கதவைத் தட்டினார். ஒரு தடவை தட்டினார், பதில் இல்லை. மறுபடியும் பலமாகத் தட்டினார்.

"ஆளிருக்கு!" என்று உள்ளேயிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது. "வேற இடம் பாத்துக்கங்க. எனக்கு நேரமாகும்."